பேஷண்ட் யாரு, அட்டெண்டர் யாரு?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் என்ன மரியாதை என்று தெரிய வேண்டுமானால் அலங்காநல்லூருக்கு வாருங்கள். மாடு பிடிக்கிற பையன்களுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் கிராக்கி. அவர்களையாவது தை மாதம் ஒரே ஒரு நாள்தான் தேடுவார்கள். என்னை வருஷம் பூரா தேடுகிறார்கள். காரணம், ஃபாரம்! டெபிட், கிரெடிட் படித்தவனுக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது முதல் பட்டா மாறுதல் வரை எல்லா ஃபாரமும் நிரப்பத் தெரிந்திருக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. போதாக்குறைக்குப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் வேறு. "சும்மாதானே எழுதிக்கிட்டிருக்க... இதையும் எழுதிக் குடு" என்று நீட்டிவிடுவார்கள்.

அப்படி வந்த ஃபாரங்களிலேயே என்னைத் திணற அடித்தது எங்கள் தெரு அண்ணன் கொண்டு வந்ததுதான். (பேர் போடக்கூடாது என்று கண்டிஷன். அதனால் இவர் அண்ணன், இவருடைய அம்மா ஆத்தா. அவ்வளவுதான்.)

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை ஃபாரம் அது. பேர், பிறந்த தேதி, எந்தக் கால், எத்தனை சதவீதம் என்று மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தேன். பராமரிப்பவர் பற்றிய கட்டம் வந்தது.

"ஆத்தா பேரை எழுதிரவாண்ணே?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா தம்பி, ஆத்தாவை நாந்தானடா பாத்துக்கிட்டிருக்கேன்?"

"அப்ப உங்களை யாரு பாத்துக்கிறா?"

"அதான் ஆத்தா இருக்குல்ல!"

இரண்டு பதிலும் சத்தியம். ஆனால் கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அண்ணனுக்கு வயது நாற்பத்தி நாலு. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, போலியோவில் இடது கால் சூம்பிப் போனது. நாடு முழுக்க 'பல்ஸ் போலியோ' என்று சொட்டு மருந்து முகாம் நடத்த ஆரம்பித்தது 1995-ல். அதற்குள் அண்ணன் கேலிப்பர் மாட்டிப் பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்தார். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஃபேன், மிக்ஸி, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். உட்கார்ந்த இடத்தில் செய்கிற தொழில், கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை.

ஆத்தாவுக்கு அறுபத்தெட்டு. முதலில் சர்க்கரை வந்தது. பிறகு பிரஷர் வந்தது. இரண்டும் சேர்ந்து கிட்னியைக் கவனித்துக் கொண்டன. இப்போது வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லக் கூடாது. அந்த அட்டை இல்லாவிட்டால் ஆத்தாவின் கதை எப்போதோ முடிந்திருக்கும். அண்ணனின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

இனி ஒரு செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்.

விடிகாலையில் ஸ்கூட்டர். பின்னால் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்தது, அரசாங்கம் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன் டிரைவர், ஆத்தா பயணி. அடுத்தது டவுன் பஸ். 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததே, அதே வருஷம் மாற்றுத்திறனாளிக்கும் அவர் கூட வருகிற ஒரு துணையாளுக்கும் இலவசம் என்றும் வந்தது. கண்டக்டருக்கு ஒரு சந்தேகம்.

"இந்தம்மாவுக்கு லேடீஸ் டிக்கெட் போடவா, துணைக்கு வர்றவங்க டிக்கெட் போடவா?"

"எதுல போட்டாலும் சைபர்தானே அண்ணாச்சி?"

"சைபர்தான். ஆனா எந்தச் சைபர்னு கணக்கு வேணும்ல?"

பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் கண்டக்டர் கட்சி! எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதுதான் கணக்கே. ஆக, சிக்கந்தர் சாவடி தாண்டும்போது அண்ணன்தான் இயலாதவர், ஆத்தா அவருக்குத் துணை.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் தலைகீழ். ஆத்தா பேஷண்ட், அண்ணன் அட்டெண்டர். வாட்ச்மேன் கேலிப்பரைப் பார்ப்பார், கம்பைப் பார்ப்பார், ஆத்தாவைப் பார்ப்பார். "நீங்களே இப்படி இருக்கீங்க... வேற ஆளு யாரும் வரலையா?" என்பார். கேட்பதில் தப்பில்லை, அக்கறைதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை, வாட்ச்மேன் மாறும்போதெல்லாம் புதிதாகக் கேட்கப்படும் அக்கறை இருக்கிறதே, அது கொஞ்சம் கனம்.

அண்ணன் இதற்கு ஒரு டெக்னிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வீல்சேரில் ஆத்தாவை உட்கார்த்தி, கம்பை அவர் மடியில் வைத்துவிட்டு, வீல்சேரின் பின்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்து கொண்டு நடக்கிறார். பார்க்கிறவர்களுக்கு மகன் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போவதாகத் தெரியும். உண்மையில் வீல்சேர்தான் அண்ணனையும் தாங்கிக் கொண்டு போகிறது. "ஒரு வண்டி, ரெண்டு பேஷண்ட். அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம்டா" என்று சிரிக்கிறார்.

* * *

டயாலிசிஸ் என்றால் ஆஸ்பத்திரியோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அந்த வீட்டு அடுப்படிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர்தான் முதல் எதிரி. ஆத்தாவுக்கு டாக்டர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். மதுரைச் சித்திரை வெயிலில் முக்கால் லிட்டர்! அதிலும் ரசம், மோர், காபி எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்து விடுவார் அண்ணன். காபி கொடுத்தால் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கீழே ஊற்றி விடுவார். என் காலேஜில் டபுள் என்ட்ரி நடத்திய புரொபஸர் பார்த்தால் கண் கலங்கியிருப்பார். நாக்கு வறண்டு ஆத்தா தவிக்கும்போது ஒரு சின்ன ஐஸ்கட்டி. வாழைப்பழமும் இளநீரும் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்று போகலாம். காய்கறியைப் பொடியாக நறுக்கி, ஊற வைத்து, வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். நின்று சமைக்க அண்ணனால் முடியாது என்பதால் கேஸ் அடுப்பு தரையில் இறங்கி விட்டது. மணைப்பலகையில் உட்கார்ந்து எல்லாம் நடக்கும்.

"கத்திரிக்காயைத் துவைச்சுக் காயப்போட்டுல்ல குழம்பு வைக்கிறான் எம் மகன்" என்பார் ஆத்தா. கிண்டல்தான். தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்.

ஆத்தாவின் இடது கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்கென்று ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்கள். தொட்டால் விர்ரென்று அதிரும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வளையல் இறுக்கக் கூடாது. தினமும் ராத்திரி அந்த அதிர்வு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் படுக்கிறார். "மோட்டாருக்குக் காயில் கட்டிட்டு ஓடுதான்னு தொட்டுப் பாப்பேன்ல, அதே மாதிரிதான்" என்பது அவர் விளக்கம்.

ஜனவரி 16, 17 வந்தால் தனிப் பிரச்னை. ஜல்லிக்கட்டு அன்று எங்கள் ஊருக்குள் ஈ நுழைய முடியாது. வெளியேயும் போக முடியாது. கீழக்கரையில் 2024-ல் கலைஞர் பெயரில் பெரிய அரங்கம் திறந்தாலும், ஊருக்குள் வாடிவாசல் ஜல்லிக்கட்டு வாடிவாசலில்தான். டயாலிசிஸ் முறை அந்தத் தேதியில் விழுந்தால் முதல் நாளே நர்ஸிடம் கெஞ்சி மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரே காளையைப் பார்க்க உள்ளே வரும்போது இவர்கள் இருவரும் பொங்கலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போவார்கள்.

* * *

இனி என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். வரவு.

அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை: 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1,500 ஆனது. ஆத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை: அதே வருஷம் ஆகஸ்டில் 1,200 ஆனது. மொத்தம் 2,700. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபோது ஆத்தா ஆசையாக விசாரித்தார். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது என்றார்கள். சரி, நியாயம்.

நான் வேறு ரூட்டில் யோசித்தேன். இவ்வளவு முடியாமல் இருக்கிற ஆத்தாவையே மாற்றுத்திறனாளி என்று பதிவு செய்தால் என்ன? கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், தசைச்சிதைவு, தொழுநோய், முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவற்றால் அவதிப்படுகிறவர்களுக்கும் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை என்று ஒன்று வந்ததே! உற்சாகமாகச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1995-ம் வருஷச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதை இருபத்தொன்று ஆக்கினார்கள். தாலசீமியா உண்டு. ஹீமோஃபிலியா உண்டு. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் உண்டு. இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன். கிட்னி செயலிழப்பு இல்லை.

ஆக, வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் ரத்தத்தைக் கழுவி எடுத்து உயிர் வாழ்கிற ஆத்தா, சட்டப்படி நல்ல ஆள்! அவரைத் தூக்கி உட்கார வைக்கிற அண்ணன்தான் இயலாதவர்.

அதே 2016 சட்டத்தில் 'பராமரிப்பாளர்' என்ற சொல்லுக்கு விளக்கமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளியைச் சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பார்த்துக் கொள்கிற பெற்றோர், குடும்பத்தார் எல்லாரும் பராமரிப்பாளர்களாம். அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வகுக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எழுதினவர் மனசில் இருந்த படம் ஒன்றே ஒன்று: கட்டிலில் மாற்றுத்திறனாளி, பக்கத்தில் நிற்கும் தாய். தாய் கட்டிலில் படுத்து, பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற படம் அதில் இல்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஆந்திராவில் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி பென்ஷனை 6,000 ரூபாய் ஆக்கினார்கள். டயாலிசிஸ் செய்து கொள்கிற கிட்னி நோயாளிக்கு 10,000 ரூபாய். ஊனப் பட்டியலில் கிட்னி இல்லாவிட்டால் என்ன, நோய்க்கென்றே தனித் தலைப்பு போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த ஜூலை மாதம் அண்ணன் வீட்டில் 2,700 வந்தது. இதே இரண்டு பேர் சித்தூரில் குடியிருந்திருந்தால் என்று கூட்டிப் பார்த்தேன். 16,000. அண்ணனிடம் சொன்னேன். "தெலுங்கு கத்துக்க எத்தனை மாசம் ஆகும்டா?" என்றார் ஆத்தா உள்ளேயிருந்து.

இருக்கிற 2,700-ம் நிலையில்லாதது என்பதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாசாரம். ஒரு தடவை, பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாம் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து தகவல். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஆத்தாவுக்கு அதே செவ்வாய் காலை ஏழரைக்கு மெஷின். ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அண்ணன் யோசிக்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது, "நேத்துல்ல வரச் சொன்னோம்?" என்றார்கள்.

"அம்மாவுக்கு டயாலிசிஸ் சார்."

"அம்மா கூட வேற யாராவது போகலாமே?"

"நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

"அப்ப நீங்க நல்லாத்தானே நடமாடுறீங்க?"

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக் கொள்கிறேன் என்று சொன்னால் 'அப்ப உனக்கு எதுக்கு உதவித்தொகை?' என்கிறார்கள். எனக்கு முடியவில்லை என்று சொன்னால் 'அப்ப நீ எப்படி அம்மாவைப் பாத்துக்கிற?' என்கிறார்கள். ஒரு மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருப்பான் என்பது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. அண்ணன் வீட்டைத் தாண்டினால் பத்துத் தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருப்பார்.

அந்தப் பென்ஷன் இரண்டு மாதம் நின்றது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்த பிறகு திரும்ப வந்தது. அந்த இரண்டு மாதமும் வீடு ஓடியது அண்ணன் காயில் கட்டிய காசில். அதுவும் செவ்வாய், வெள்ளி திண்ணை காலி. போய் வந்த களைப்பில் புதனும் பாதிதான்.

* * *

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி. 1984-ல் கடுமையாக உடல் முடியாமல் போன அவருடைய தாயார் வீட்டோடு வந்து சேர, பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டார். அங்கே 1976 முதலே, நோயாளியைப் பார்த்துக் கொள்கிறவருக்கு என்று ஓர் உதவித்தொகை உண்டு. கேட்டார். கிடையாது என்றார்கள். ஏன்? கல்யாணமாகிக் கணவனோடு இருக்கிற பெண்ணுக்கு அது கிடையாதாம். 'அவங்க எப்படியும் வீட்லதானே இருப்பாங்க' என்பதுதான் விதியை எழுதினவர்களின் தர்க்கம். (மொழிதான் இங்கிலீஷ். பேச்சு அப்படியே நம்ம ஊர் திண்ணைப் பேச்சு!) டிரேக் விடவில்லை. லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986 ஜூன் 24-ம் தேதி ஜெயித்தார். தோற்கப் போகிறோம் என்று மோப்பம் பிடித்துவிட்ட அரசாங்கம், தீர்ப்புக்கு முதல் நாளே விதியை மாற்றுவதாக அறிவித்துவிட்டது.

அங்கே வாரம் முப்பத்தைந்து மணி நேரமாவது பார்த்துக்கொண்டால்தான் அந்தத் தொகை. முக்கியமான சங்கதி, பார்த்துக் கொள்கிறவரே ஊனமுற்றவராக இருந்து தனியாக ஊன உதவி வாங்கினாலும், இதையும் வாங்கலாம். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வரலாம்! அண்ணனின் வாரத்தை நான் கூட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி நாள் இரண்டுக்கும் பத்துப் பத்து மணி நேரம். மற்ற ஐந்து நாள் சமையல், மருந்து, குளிப்பாட்டல் என்று தினம் நாலு மணி. நாற்பது வருகிறது. பாஸ்.

நம் நாட்டிலும் இரண்டு கட்டத்திலும் ஒரே ஆளை ஏற்றுக்கொள்கிற இடம் ஒன்று இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். வருமான வரி! சிரிக்காதீர்கள், இது நிஜம். 1961-ம் வருஷச் சட்டத்தின் 80யு பிரிவில், ஊனமுற்றவர் தன் வருமானத்தில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். எண்பது சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அதே ஆள், தன்னை நம்பியிருக்கும் பெற்றோரின் சிகிச்சைச் செலவை 80டிடிபி பிரிவிலும் கழிக்கலாம். மூத்த குடிமகன் என்றால் ஒரு லட்சம் வரை. அந்தப் பட்டியலில் நாள்பட்ட கிட்னி செயலிழப்பு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் சலுகைகளை விட்டுவிடவில்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பது நிபந்தனை. இதைப் படிக்கிற சம்பளக்காரர்கள் யாராவது இப்படி ஒரு நிலையில் இருந்தால், ஸ்பெஷலிஸ்ட் டாக்டரின் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் வந்த பணத்தைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஓடிப் போய் அண்ணனிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப நல்லதுடா. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"முதல்ல வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிக்கணும்ணே."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று பூரா சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

* * *

கிட்னி மாற்று ஆபரேஷன் பற்றி டாக்டர் சொன்னது போன வருஷம். நெருங்கிய உறவினர் கொடுக்கலாம், டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பார்க்கலாம் என்றார். அண்ணன் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். கால்தானே போயிருக்கிறது, கிட்னி இரண்டும் நன்றாகத்தானே இருக்கும் என்பது அவர் கட்சி. ஆத்தா ஒரே பிடிவாதம், முடியவே முடியாது என்று. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

"பெரியம்மா, அண்ணன் ஆசைப்படுதுல்ல? டாக்டரும் ஆபத்தில்லைங்கிறாரு."

"ஏப்பா, இவன் காலைத்தான் எனக்குக் காப்பாத்தத் தெரியலை. கிட்னியாவது முழுசா இருக்கட்டும்."

அதற்கு மேல் நான் என்ன பேச? அண்ணன் திண்ணைக்குப் போய் எதையோ கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிட்னி பெறும் பட்டியலில் பதிவு செய்வது என்று முடிவானது. ஃபாரம் வழக்கம்போல் என்னிடம் வந்தது. கூட இருந்து பார்த்துக் கொள்பவர் பெயர், உறவு, செல் நம்பர் கேட்டிருந்தார்கள். அண்ணன் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை மட்டும் தானே எழுதினார்.

எந்த ராத்திரி வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும், போனை ஆஃப் பண்ணவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து அண்ணன் செல்போனைச் சட்டைப் பையிலிருந்து இறக்குவதில்லை. 'கிரெடிட் கார்டு வேணுமா சார்?' என்று எங்கிருந்தோ ஒரு பெண் கூப்பிட்டால்கூட முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்கம்மா, கிளம்பிட்டோம்" என்கிறார்.